கான்டனீஸ் நூடுல்ஸ் தேடி ஒரு வாரம்: ஹாங்காங் மட்டும் போதுமா, குவாங்சோவும் போகணுமா?

கோவை_குமரன்
வணக்கம் மக்களே. நவம்பர் கடைசி வாரம் நானும் வீட்டம்மாவும் ஹாங்காங் கிளம்புகிறோம். டிஸ்னிலேண்ட், கேபிள் கார் எதுவும் திட்டத்தில் இல்லை. நூடுல்ஸ் சாப்பிடத்தான் போகிறோம், அதுவும் தென்சீனாவின் கான்டனீஸ் நூடுல்ஸ். சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்தில் வான்டன் மீ பழகியது, இறாலோ பன்றியோ பூரணம் வைத்து மடித்த சின்ன மாவுப்பொதி போட்ட நூடுல்ஸ். ஊர் திரும்பிய பிறகும் அந்த ஆசை விடவில்லை.

இப்போதைக்கு என் பட்டியல்: சென்ட்ரலில் வெலிங்டன் தெருவில் மாக்ஸ் நூடுல், அதே தெருவில் சிம் சாய் கீ, காஃப் தெருவில் காவ் கீ, காஸ்வே பேயில் ஹோ ஹுங் கீ, ஷாம் ஷுய் போவில் லாவ் சம் கீ.

என் சந்தேகங்கள்: ஒரு வாரம் முழுக்க ஹாங்காங்கிலேயே இருக்கலாமா? எல்லை தாண்டிச் சீனாவுக்குள் குவாங்சோ போனால் அலைச்சலுக்குத் தகுந்த சாப்பாடு கிடைக்குமா? வீட்டம்மா மாட்டிறைச்சி தொட மாட்டார், பன்றி, இறால், மீன் எல்லாம் சரி. இரண்டு பேருக்கும் சீன மொழி ஒரு சொல்கூடத் தெரியாது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஷாம்ஷுய்போ_சேகர்
வாங்க குமரன். நான் இங்கேயே குடியிருப்பவன், அதனால் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன். நீங்கள் எழுதிய ஐந்து கடையில் நான்குக்கு ஏறக்குறைய ஒரே வேலைதான், வான்டன் நூடுல்ஸ். ஐந்துமே நல்ல கடைகள். ஆனால் இந்தப் பட்டியலோடு வந்தால் ஒரே பண்டத்தை நான்கு இடத்தில் சாப்பிட்டுவிட்டு மீதிப் பாதி சமையலைப் பார்க்காமலே விமானம் ஏறிவிடுவீர்கள். கடைப் பெயரை ஓரமாக வைத்துவிட்டு, என்னென்ன நூடுல்ஸ் சாப்பிட வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். கடை பிறகு தானாக அமையும்.

கான்டனீஸ் நூடுல்ஸில் இரண்டு குடும்பம் உண்டு. ஒன்று கோதுமை: வான்டனுக்குப் போடும் மெல்லிய முட்டை நூடுல்ஸ், பிறந்தநாள் விருந்தில் வரும் ஈ ஃபூ நூடுல்ஸ், மொறுமொறுவென்று பொரித்து மேலே பன்றி இறைச்சிக் கீற்றும் குழம்பும் ஊற்றுவது. இன்னொன்று அரிசி: அகலமான ஹோ ஃபன், சுருட்டிய சியுங் ஃபன், மெல்லிய சேமியா. கோதுமைக்கு ஹாங்காங். அரிசிக்கு என் ஓட்டு குவாங்சோவுக்குத்தான், இங்கே இருந்துகொண்டே சொல்கிறேன்.

வான்டன் கிண்ணம் வரும்போது எப்படிப் பார்ப்பது என்று சொல்லிவிடுகிறேன். கிண்ணத்தின் அடியில் கரண்டி கிடக்கும். அதன்மேல் வான்டன், அதற்கும் மேலே நூடுல்ஸ், சூப்பின் மட்டத்தை ஒட்டி. நூடுல்ஸ் சூப்பில் மூழ்கி ஊறிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த அடுக்கு. வேகவைப்பதும் சில நொடிகள்தான். கொதிநீரில் போட்டு எடுத்து, குளிர்ந்த நீரில் முக்கி, மறுபடி கொதிநீரில் காட்டிக் கிண்ணத்தில் வைத்துவிடுவார்கள். சூப்பில் காய்ந்த தட்டைமீன், பன்றி எலும்பு, இறால் முட்டை. மேலே மஞ்சள் பூண்டுத்தாள். கிண்ணம் மேசைக்கு வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு முதலில் நூடுல்ஸைச் சாப்பிடுங்கள். படம் எடுத்துக்கொண்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் அது வேறு பண்டமாகிவிடும். ஆல்கலைன் (காரத்தன்மை உள்ள, காரச் சுவை அல்ல) நீர் சேர்த்த மாவு என்பதால் லேசாக ஒரு வாடை இருக்கும். மேசையில் இருக்கும் சிவப்பு வினிகர் அதற்குத்தான், நான்கைந்து சொட்டு போதும்.

மாக்ஸில் கிண்ணம் சிறியது, வான்டனும் சிறியது. ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்காதீர்கள், பழைய முறையே அந்த அளவுதான். உங்கள் திட்டத்துக்கு அது வசதியும்கூட, அடுத்த கடைக்கு வயிற்றில் இடம் இருக்கும்.

திருப்பூர்_செல்வம்
சேகர் அண்ணன் சொன்னதில் பாதிக்கு நான் உடன்படுகிறேன். கோதுமைக்கு ஹாங்காங் என்பதை மட்டும் விட மாட்டேன்.

துணி வியாபாரமாகக் குவாங்சோவுக்குப் பல வருடமாகப் போய்வருகிறேன். வான்டன் நூடுல்ஸே அந்த ஊர்ச் சரக்கு. மாக் குடும்பம் குவாங்சோவில் தொழில் செய்துவிட்டுத்தான் ஹாங்காங் வந்தது. லிவான் பகுதியில், என்நிங் சாலையில் வூ சாய் ஜி என்று ஒரு கடை. வெளிப் பார்வைக்கு ஒன்றுமே இல்லை. மூங்கில் கழியால் அழுத்திய மாவில்தான் நூடுல்ஸ். பக்கத்தில் பாவ்ஹுவா சாலையில் பாவ்ஹுவா நூடுல் கடை. இரண்டையும் ஒரே காலையில் நடந்தே முடிக்கலாம், மெட்ரோ ஒன்றாம் தடத்தில் சாங்ஷோ லூ நிலையத்தில் இறங்க வேண்டும்.

மூங்கில் நூடுல்ஸ் செய்வதை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். தண்ணீர் அதிகம் காட்டாமல் வாத்து முட்டை ஊற்றிப் பிசைந்த மாவு. கல்லுபோல் இறுகிக் கிடக்கும், கையால் ஒன்றும் செய்ய முடியாது. நீளமான பெரிய மூங்கிலின் ஒரு முனையைச் சுவரில் பொருத்தி, மறுமுனையில் ஒரு காலைப் போட்டு ஆள் ஏறி உட்கார்ந்து குதித்துக் குதித்து மாவை அழுத்துவார். ஒவ்வொரு குதிப்புக்கும் மூங்கில் ஓர் அங்குலம் நகரும். மாவை மடிப்பார், திரும்ப முதலிலிருந்து. இயந்திர உருளை மாவை ஒரே திசையில் நசுக்கிக்கொண்டே போகும். மூங்கில் விட்டுவிட்டு அழுத்துவதால் கடிக்கும்போது அந்த நறுக்கென்ற துள்ளல் வருகிறது.

வான்டனிலும் வித்தியாசம் உண்டு. ஹாங்காங்கில் இப்போது பல கடைகளில் முழு இறாலாகத் திணித்துப் பெரிய உருண்டையாகத் தருகிறார்கள். குவாங்சோவின் பழைய கடைகளில் பன்றியும் இறாலும் கலந்துதான் பூரணம். இறால் கடிபடும், பன்றிக் கொழுப்பு சாறு விடும். எனக்கு இதுதான் பிடிக்கும்.

ஷாம்ஷுய்போ_சேகர்
செல்வம், பிறந்த ஊர் குவாங்சோ என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் சீனாவில் ஆட்சி மாறிய 1949ஐ ஒட்டி நிறையச் சமையல்காரர்கள் எல்லை தாண்டி வந்து இங்கே தள்ளுவண்டி போட்டார்கள். தொழில் கைமாறாமல் தொடர்ந்தது இங்கேதான். மூங்கில் வேலை இங்கேயும் சாகவில்லை. லாவ் சம் கீ இருக்கிறது, க்வேலின் தெருவில். அங்கே சூப் நூடுல்ஸ் கேட்க வேண்டாம் குமரன். இறால் முட்டை தூவிய, சூப் ஊற்றாத லோ மெய்ன் நூடுல்ஸ் கேளுங்கள். பழுப்பு நிறத்தில் பொடிப்பொடியாக மேலே கொட்டியிருப்பார்கள், சூப் தனிக் கிண்ணத்தில் வரும். நூடுல்ஸின் உண்மையான தரம் சூப் இல்லாத தட்டில்தான் தெரியும், ஒளிந்துகொள்ள அதற்கு இடமே கிடையாது.

அடுப்படி_ரங்கா
ஹோட்டல் சமையலறையில் சீன அடுப்பில் நின்றவன் என்ற முறையில் ஹோ ஃபன் பற்றி மட்டும் பேசுகிறேன். நீங்கள் இருவரும் வான்டனைச் சுற்றியே நிற்கிறீர்கள்.

ஒரு கான்டனீஸ் சமையல்காரரின் கையைச் சோதிக்க வேண்டுமென்றால் வறுத்த மாட்டிறைச்சி ஹோ ஃபன் கேட்பார்கள். சாமான்கள் மிகக் குறைவு: அகல அரிசி நூடுல்ஸ், மாட்டிறைச்சி, முளைப்பயறு, வெங்காயத்தாள், சோயா சாஸ். குழம்பு கிடையாது. வொக் (சீன வாணலி) புகை வரும்வரை காய்ந்திருக்க வேண்டும். நூடுல்ஸ் விழுந்ததும் கரண்டியால் குத்தக் கூடாது, உடைந்துவிடும். வொக்கையே தூக்கித் தூக்கிப் புரட்ட வேண்டும். சட்டியை விட்டு மேலே எழும் நொடியில் நூடுல்ஸில் ஒட்டிய எண்ணெய் நெருப்பைத் தொட்டு வருவதுதான் அந்தக் கருகல் மணம். வொக் ஹே என்று அவர்கள் சொல்வது இதைத்தான். இதற்கு நெருப்பு வேண்டும். வீட்டு அடுப்பில் எவ்வளவு முயன்றாலும் பாதிதான் வரும்.

தட்டு வந்ததும் மூன்று விஷயம் பாருங்கள். நூடுல்ஸ் உடையாமல் முழு நீளத்தில் இருக்கிறதா? நிறம் எல்லா இழையிலும் ஒரே சீராக ஏறியிருக்கிறதா? சாப்பிட்டு முடித்த தட்டின் அடியில் எண்ணெய் தேங்கி நிற்கிறதா? தேங்கினால் நெருப்பு போதவில்லை, எண்ணெயை ஊற்றிச் சமாளித்திருக்கிறார் என்று அர்த்தம்.

இன்னொன்று, ஹோ ஃபன் அன்றன்று செய்ததாக இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் ஒரு இரவு வைத்தால் அரிசி மாவு விறைத்துவிடும், வாணலியில் துண்டு துண்டாகிவிடும். குவாங்சோவின் ஷாஹே பகுதிதான் இந்த நூடுல்ஸின் சொந்த ஊர். பாயுன் மலை ஊற்றுநீரில் அரைத்த மாவு என்று பெருமையாகச் சொல்வார்கள். அரிசிக்குக் குவாங்சோ போங்கள் என்பதற்கு என் காரணமும் இதுதான், அங்கே காலையில் ஊற்றியது மதியம் தட்டில் இருக்கும்.

கோவை_குமரன்
ரங்கா சார், அருமை. ஆனால் மாட்டிறைச்சி இல்லாமல் ஹோ ஃபன் கேட்டால் அந்தச் சோதனையே போய்விடுமா?

ஈப்போ_மலர்
நான் மலேசியாவின் ஈப்போ. எங்கள் ஊரில் கான்டனீஸ்காரர்கள் அதிகம், சின்ன வயதிலிருந்து ஹோர் ஃபன் சாப்பிட்டு வளர்ந்தவள். குமரன் அண்ணா, அண்ணிக்கு முட்டைக் குழம்பு ஊற்றியது வாங்கிக் கொடுங்கள். எங்கள் பக்கம் வாட் டான் ஹோர் என்று கேட்போம். ஹோ ஃபனை முதலில் தனியாக வொக்கில் கருகவிட்டுத் தட்டில் வைப்பார்கள். பிறகு இறால், மீன் துண்டு, கீரை போட்ட குழம்பு கொதிக்கும்போது முட்டையை ஊற்றி ஒரே ஒரு சுழற்று, அடுப்பை அணைத்துவிடுவார்கள். முட்டை பட்டுநூலாக இழை இழையாக ஓட வேண்டும். கட்டியாகிவிட்டால் திருப்பி அனுப்பலாம், தப்பே இல்லை! நூடுல்ஸில் கருகல் மணமும் வேண்டும், முட்டை இளகியும் இருக்க வேண்டும், எனவே இதிலும் சமையல்காரர் தப்ப முடியாது. ஹாங்காங், குவாங்சோ இரண்டிலும் குழம்பு ஊற்றிய ஹோ ஃபனைக் கடல் உணவோடு கேட்டு வாங்கலாம்.

மாட்டிறைச்சி வேண்டாம் என்று கான்டனீஸில் சொல்ல: "ம் யிவ் ஙாவ்". ஆனால் வாயால் சொல்வதை மட்டும் நம்பாமல் சீனத்தில் எழுதிய அட்டை ஒன்று கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு யோசனை, கோபிக்க வேண்டாம். பணமும் விடுமுறையும் குறைவாக உள்ளவர்கள் கோலாலம்பூரும் ஈப்போவும் வந்தாலே கான்டனீஸ் நூடுல்ஸின் ஒரு நல்ல கிளையைச் சாப்பிட்டுவிடலாம். ஈப்போ கோழி ஹோர் ஃபன் இறால் தலை வேகவைத்த சூப்பில் வரும், அந்த வழவழப்பு வேறெங்கும் நான் பார்த்ததில்லை. எங்கள் வான்டன் மீ கறுப்பு சோயாவில் புரட்டியது, ஹாங்காங்காரர்களுக்குப் பார்த்தாலே பிடிக்காது. எனக்கு இரண்டும் வேண்டும்.

திருப்பூர்_செல்வம்
மலர், ஈப்போவுக்குத் தனித் திரி போடலாம், நானும் வருகிறேன். குமரனுக்கு இப்போது ஒரே பயணம்தான், மூலத்துக்கே போகட்டும்.

காலை உணவுக்குச் சியுங் ஃபன் மறக்காதீர்கள். நம் வீட்டில் இட்லித் துணி விரித்து மாவு ஊற்றுகிறோம் இல்லையா, குவாங்சோவின் துணி சியுங் ஃபன் ஏறக்குறைய அதே வேலைதான். ஆவித் தட்டில் துணி விரித்து அரிசி மாவை மெல்லிசாக ஊற்றி, வெந்ததும் துணியோடு தூக்கிக் கவிழ்த்து உரித்துச் சுருட்டுவார்கள். உள்ளே இறாலோ பன்றியோ. யின் ஜி என்ற பெயரில் நிறையக் கிளைகள் உண்டு. மேலே ஊற்றும் இனிப்புக் கலந்த சோயா சாஸில்தான் கடைக்குக் கடை வித்தியாசம்.

ஷாம்ஷுய்போ_சேகர்
ஷாம் ஷுய் போவில் ஹாப் யிக் தாய் கடையின் சியுங் ஃபன் வேறு மாதிரி, உள்ளே ஒன்றுமே இல்லை. கத்தரிக்கோலால் வெட்டிப் போட்டு எள் சாஸ், இனிப்பு சாஸ், சோயா ஊற்றுவார்கள். குச்சியால் குத்திச் சாப்பிட வேண்டியது. அதே பகுதியில் ஃபுக் விங் தெருவில் மான் கீ என்று வண்டி நூடுல்ஸ் கடை. நூடுல்ஸ் வகையையும் மேலே போடுவதையும் நாமே பொறுக்கிக்கொள்ளலாம். 1950களில் தள்ளுவண்டியில் தொடங்கிய முறை. அதனால்தான் ஷாம் ஷுய் போவுக்கு ஒரு காலை முழுவதும் ஒதுக்கச் சொல்கிறேன்.

காவ் கீ மாட்டு நெஞ்சுக்கறிக் கடை, அண்ணிக்கு அங்கே வேலையில்லை. ஆனால் எதிரிலேயே மீ லுன் தெருவில் சிங் ஹியுங் யூன் என்ற தெருக்கடை, கொட்டகை போட்டது, தக்காளி சூப்பில் நூடுல்ஸோ மக்ரோனியோ முட்டையோடு தருவார்கள். அண்ணி அங்கே, நீங்கள் காவ் கீ வரிசையில். தெளிந்த சூப்பில் நெஞ்சுக்கறி நல்லதுதான், என் தேர்வு கறிமசாலாவில் வெந்த தசைநார் போட்ட ஈ ஃபூ நூடுல்ஸ். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தத் தெருவுக்குப் போகாதீர்கள்.

காயல்_கரை
அஸ்ஸலாமு அலைக்கும். காயல்பட்டினத்துக்காரன், ஹாங்காங்கில் வேலை. இந்தத் திரியைப் படிக்கும் முஸ்லிம் சகோதரர்களுக்காக: இறால் வான்டன் என்று பலகையில் இருந்தாலும் சூப்பில் பன்றி எலும்பு இருக்கும், சூப் இல்லாத லோ மெய்னிலும் பன்றிக் கொழுப்பு சேர்க்கும் வழக்கம் உண்டு. ஆகவே இறால் என்று நினைத்து உட்கார வேண்டாம். வான்சாயில் ஓய் க்வான் சாலை அம்மார் மசூதியின் மாடியில் ஹலால் காண்டீன் இருக்கிறது, டிம்சமும் கான்டனீஸ் சாப்பாடும் கிடைக்கும். மதியத்துக்கு முன்பே போங்கள், கூட்டம் அதிகம். குவாங்சோவில் பச்சைப் பலகை போட்ட ஹலால் நூடுல்ஸ் கடைகள் நிறைய உண்டு. அவை பெரும்பாலும் லான்சோ பாணி, கையால் இழுத்த கோதுமை நூடுல்ஸ். சுவையானவைதான், கான்டனீஸ் அல்ல.

பசுந்தளிர்
சைவர்களுக்கு இந்தப் பயணத்தில் ஏதாவது உண்டா?

ஷாம்ஷுய்போ_சேகர்
உண்டு, ஆனால் சாதாரண நூடுல்ஸ் கடையில் கிடையாது. காய்கறி நூடுல்ஸ் என்று கேட்டாலும் அதே எலும்பு சூப்தான் வரும், கீரை மேல் சிப்பி சாஸ் ஊற்றுவார்கள். பௌத்தச் சைவ உணவகத்துக்கே போய்விடுங்கள். டயமண்ட் ஹில்லில் நான் லியன் தோட்டத்துக்குள் சி லின் சைவ உணவகம் இருக்கிறது. குவாங்சோவில் பெய்ஜிங் சாலை அருகே தாஃபோ கோயிலை ஒட்டியும் உண்டு. காளானும் ஈ ஃபூ நூடுல்ஸும் சேர்த்து வதக்கியது கிடைத்தால் விடாதீர்கள், காளான் சாற்றை அந்த நூடுல்ஸ் உறிஞ்சுவது தனிச் சுகம். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பலர் சைவம் இருப்பார்கள், அன்று இந்த இடங்களில் இடம் கிடைப்பது கஷ்டம்.

கோவை_குமரன்
முடிவுக்கு வந்துவிட்டேன், குவாங்சோவும் போகிறோம். விசா, வழி இரண்டும்தான் இப்போது தலைவலி.

திருப்பூர்_செல்வம்
வழியைச் சரியாகப் போட்டால் தலைவலி பாதி குறையும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஹாங்காங் நுழைய இணையத்தில் முன்பதிவு செய்தால் போதும், சீனாவுக்கு விசா கட்டாயம். மக்காவ் நகரத்துக்குத் தனி எல்லை. கிளம்பும் முன் மூன்றின் அரசுத் தளங்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், விதிகள் மாறுகின்றன.

சுற்றாகப் போங்கள். ஹாங்காங்கில் மேற்கு கவுலூன் நிலையத்தில் அதிவேக ரயில் ஏறினால் குவாங்சோ தெற்குக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். இரு பக்கக் குடியேற்றச் சோதனையும் ஏறும் நிலையத்திலேயே முடிந்துவிடும். குவாங்சோ தெற்கிலிருந்து மெட்ரோ இரண்டாம் தடம், கொங்யுவான்சியனில் மாறி ஒன்றாம் தடம், லிவான் வந்துவிடும். திரும்பும்போது வந்த வழியே வராமல் ரயிலில் ஜுஹாய் போங்கள். நிலையத்துக்குப் பக்கத்திலேயே எல்லை, நடந்தே மக்காவ் நுழையலாம். மக்காவ் நகரின் செனாடோ சதுக்கத்தில் வோங் சி கே, 1946இல் தொடங்கிய கடை, அங்கேயும் மூங்கில் நூடுல்ஸ். மூன்று நகரத்து நூடுல்ஸையும் நாக்கு மறக்கும் முன் ஒப்பிடலாம். அங்கிருந்து கடல் பாலத்தில் பேருந்து பிடித்து ஹாங்காங். இப்படிச் சுற்றினால் சீனாவுக்குள் ஒரே முறைதான் நுழைகிறீர்கள், ஒற்றை நுழைவு விசா போதும்.

தேதி நல்ல தேதி. அக்டோபர் முதல் வாரம் தேசிய விடுமுறைக் கூட்டம். கேன்டன் கண்காட்சி ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்கி மூன்று கட்டமாக நடக்கும், அப்போது குவாங்சோவில் அறை வாடகை எகிறிவிடும். நவம்பர் கடைசியில் இரண்டும் இல்லை. பணத்துக்கு அலிபேயில் உங்கள் கார்டை ஊரிலேயே இணைத்துவிட்டு வாருங்கள், லிவானின் சின்னக் கடைகளில் கார்டு தேய்க்க முடியாது.

ஷாம்ஷுய்போ_சேகர்
ஹாங்காங்கில் அதற்கு நேர்மாறு, ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பழைய கடைகள் சிலவற்றில் அது மட்டும்தான். ஆக்டோபஸ் அட்டை ரயிலுக்கும் பல கடைக்கும் ஆகும். தெரியாதவர்களோடு ஒரே மேசையில் உட்காரச் சொல்வார்கள், அது இங்கே இயல்பு. சூடான தேநீர் டம்ளர் வந்தால் சிலர் அதில் சாப்ஸ்டிக்கை அலசுவார்கள், அதுவும் வழக்கம்தான். பரிமாறுபவர் விறுவிறுவென்று பேசுவது கோபம் அல்ல, வரிசை நீளம். சாப்பிட்டதும் எழுந்துவிட வேண்டும்.

ஒரு நாளைக்கு மூன்று கடைக்கு மேல் வைக்காதீர்கள். இரண்டு பேரும் ஒரே கிண்ணத்தைப் பகிரலாமா என்றால் வான்டனில் வேண்டாம், பகிர்ந்து முடிப்பதற்குள் ஊறிவிடும். வறுத்த ஹோ ஃபனைத் தாராளமாகப் பகிருங்கள்.

கோவை_குமரன்
இப்போதைய திட்டம் இது. முதல் இரண்டு நாள் ஹாங்காங்: ஒரு காலை ஷாம் ஷுய் போ முழுக்க, சியுங் ஃபனில் தொடங்கி லாவ் சம் கீ லோ மெய்னில் முடிப்பது. மறுநாள் சென்ட்ரலில் மாக்ஸ், பிறகு காவ் கீயும் எதிர்க்கடையும். அடுத்து குவாங்சோ, வூ சாய் ஜியும் பாவ்ஹுவாவும் காலையில், மதியம் ஹோ ஃபன், வீட்டம்மாவுக்கு முட்டைக் குழம்பு. பிறகு மக்காவ் வழியாகத் திரும்புகிறோம். ஹோ ஹுங் கீயும் சிம் சாய் கீயும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். குவாங்சோவில் ஒரு நாள் இன்னும் காலியாக இருக்கிறது.

ஈப்போ_மலர்
அந்த நாளை ஷுண்டேவுக்குக் கொடுங்கள் அண்ணா, ப்ளீஸ்! 2014இல் யுனெஸ்கோ உணவு நகரமாக அறிவித்த ஊர். கான்டனீஸ் சமையல்காரர்களின் தாய்வீடு என்றே சொல்வார்கள். அங்கே சென்சுன் என்ற இடத்தின் அரிசி நூடுல்ஸ், 1920களில் வந்தது, ஹோ ஃபனைவிட மெல்லிசு, தூக்கினால் வெளிச்சம் தெரியும். இதைப் பெரும்பாலும் வறுக்க மாட்டார்கள், கறுப்பு பீன்ஸோடு பன்றி விலா எலும்பை மேலே வைத்து ஆவியில் அவிப்பார்கள். விலா எலும்பின் சாறு முழுக்க நூடுல்ஸில் இறங்கிவிடும். அண்ணிக்கும் ஒத்துவரும்.

திருப்பூர்_செல்வம்
மலர் சொன்னது ரொம்பச் சரி. குவாங்சோவிலிருந்து மெட்ரோ ஏழாம் தடத்திலேயே ஷுண்டே போகலாம். சென்சுன் வழியில்தான் வரும், காலையில் அங்கே இறங்கி நூடுல்ஸை முடித்துவிட்டு, மதியத்துக்கு மேல் ஷுண்டேவின் தாலியாங் பகுதிக்குப் போய் எருமைப்பாலில் செய்யும் இரட்டை ஆடைப் பால் ஒரு கிண்ணம் சாப்பிடுங்கள். மாலைக் கூட்டத்துக்கு முன் திரும்பிவிடலாம், அறையைக் குவாங்சோவிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.